அச்சுப் பலகையில் அயலார்

பழைய மலாயாவைக் காட்டும் அஞ்சலட்டைகளையும் நிழற்படங்களையும் நம்மிற் பலர் கண்டிருப்போம். 1867ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற லம்பர்ட் நிழற்பட நிலையத்தார் எடுத்த படங்களும், கிளைன்குரோத்தே என்னும் ஜெர்மானியர் 1907இல் வெளியிட்ட மலாயாப் படத்தொகுப்பும் இன்று அரும்பொருள்களாகப் போற்றப்படுகின்றன. அக்காலத்து அஞ்சலட்டைகளில் தமிழர் பலரையும் காணலாம். பால்மரத்தின் அருகே கத்தியுடன் ஒருவர் நிற்பார். மூக்கணியும் காதணியும் பூண்ட பெண்ணொருத்தி படக்கருவியை மருட்சியோடு நோக்கியிருப்பாள். மாட்டுவண்டியின் முன்னே ஒருவர் சாட்டையுடன் அமர்ந்திருப்பார். படத்தின் அடியில் உள்ள குறிப்போ மிகச் சுருக்கமானது. 'தமிழ்க் கூலி' என்றோ, 'கிலிங் பெண்' என்றோ இரண்டு சொற்கள் இருக்கும், அவ்வளவே. அவர் பெயர் யாது, எவ்வூரினின்று கப்பலேறி வந்தார், எத்தோட்டத்தில் உழைத்தார் என்பவற்றைக் கேட்டாரும் இலர். எழுதி வைத்தாரும் இலர்.

படம் எடுத்தவர் மேனாட்டார். வாங்கி உறவினர்க்கு அனுப்பியவரும் பெரும்பாலும் மேனாட்டார். நோக்கியவர் அவர், நோக்கப்பட்டவர் நாம். இம்முறை மாறி, மேனாட்டாரே பிறரால் நோக்கப்பட்டு, பெயரின்றிப் படமாக்கப்பட்டு, வேடிக்கைப் பொருளாக விற்கப்பட்ட காலமும் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே வரலாறு விடை கூறுகின்றது. அவ்வாறு படம் வரைந்த நாடு ஜப்பான். அப்படங்களை ஊன்றிக் காணுமிடத்து, அவற்றின் ஓரத்தில் நமக்கு நெருங்கிய சிலரும் நிற்பதை அறிகின்றோம். அவர்களைப் பற்றியும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நால்வர் கைவண்ணம்

ஜப்பானிய மரப்பலகை அச்சோவியம் ஒருவரால் மட்டும் உருவாவதன்று. ஓவியர் மெல்லிய தாளில் தூரிகையால் வரைந்து கொடுப்பார். செதுக்குவோர் அத்தாளைக் காட்டுச் செர்ரி மரப்பலகையின்மீது கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு ஏனைய பகுதிகளைச் செதுக்கி நீக்குவார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிப் பலகை வேண்டும். அச்சிடுவோர் பலகையில் வண்ணம் பூசித் தாளைப் பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் கையாலேயே அழுத்தித் தேய்ப்பார். எந்திரம் ஏதும் இல்லை. பலகையின் ஓரத்தில் வெட்டப்பெற்ற இரு சிறு அடையாளங்களில் தாளைப் பொருத்துவதனால் பத்து வண்ணமாயினும் ஒன்றோடொன்று பிறழாமல் அமையும். பொருள் முதலீடு செய்து, மக்கள் விருப்பம் அறிந்து, இம்மூவரையும் இயக்குபவர் நான்காமவராகிய பதிப்பாளர்.

பல வண்ண அச்சு 1765ஆம் ஆண்டளவில் முழு வளர்ச்சி பெற்றது. அன்று எடோ என வழங்கிய தோக்கியோ, ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம். அங்கே ஒரு படத்தின் விலை இரண்டொரு கிண்ணம் மீ உணவின் விலையளவே. ஆகவே இவை மன்னர் மாளிகைக்கு உரிய ஓவியங்கள் அல்ல. கடைத்தெருவில் தொங்கி, தச்சரும் வணிகரும் வாங்கிச் சென்ற மக்கட் படங்கள். நாடக நடிகர், மல்லர், அழகியர், புகழ்பெற்ற மலைகள் என மக்கள் காண விரும்பியவற்றையெல்லாம் இவை காட்டின. பின்னர் அவர்கள் காண விரும்பியது அயல்நாட்டாரை.

நாகசாகியில் குடை பிடித்தவன்

1639இல் போர்த்துக்கீசியரை வெளியேற்றிய ஜப்பானிய அரசு, ஐரோப்பியருள் டச்சுக்காரர்க்கு மட்டுமே வணிக உரிமை அளித்தது. அவர்களும் 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தில் தெசிமா என்னும் செயற்கைத் தீவிலேயே வாழ வேண்டியவராயினர். விசிறி வடிவில் அமைந்த அத்தீவு ஏறத்தாழ 120 மீட்டர் நீளமும் 75 மீட்டர் அகலமுமே உடையது. ஒரு பள்ளித் திடலினும் சற்றே பெரிய இடத்தில், இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பா முழுவதும் ஜப்பானுக்கு அடங்கிக் கிடந்தது எனலாம்.

நாகசாகிக்கு வந்த பயணிகள் ஊர் திரும்பும்போது வாங்கிச் செல்வதற்கென உள்ளூர்ப் பதிப்பாளர்கள் படங்களை அச்சிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வெளிவந்த இவற்றை நாகசாகிப் படங்கள் என்பர். மூன்று பாய்மரங்கொண்ட டச்சுக் கப்பல், கரண்டியும் முள்ளும் கொண்டு உண்ணும் டச்சுக்காரர், நீண்ட புகைக்குழல், செந்நிறத் தலைமயிர், பொத்தான்கள் நிறைந்த மேலங்கி ஆகியவை மீண்டும் மீண்டும் வரையப்பட்டன.

இவற்றுள் ஒருவகைப் படம் நம் கருத்தை ஈர்க்கின்றது. டச்சுக்காரர் ஒருவர் நிமிர்ந்து நடக்கின்றார். அவருக்குப் பின்னால், உருவத்திற் சிறியவனாக, கரிய நிறத்தினனாக, வெறுங்காலனாக ஒருவன் குடை பிடித்து நிற்கின்றான். ஜப்பானியர் அவனைக் 'குரோன்போ' என்று குறித்தனர். கரியவன் என்பது அதன் பொருள்.

யார் இவன்? டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமையிடமாகிய பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, முதலாளியோடு வந்த அடிமை அல்லது ஏவலாள். நாகசாகிப் படங்கள் வெளிவந்த காலத்தில் இத்தகையோருட் பெரும்பாலோர் சாவகம், பாலி முதலிய தீவுகளைச் சேர்ந்தோர் ஆவர். ஆயினும் அக்கும்பினியின் அடிமை வணிகத்தில் சோழமண்டலக் கடற்கரைக்கும் பெரும் பங்கு இருந்ததைத் தமிழர் மறத்தல் இயலாது. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, பசிக்கு ஆற்றாது தம்மையும் தம் மக்களையும் விற்றவர் பல்லாயிரவர். டச்சுக் கப்பல்கள் அவர்களை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் நம் மலாக்காவுக்கும் சுமந்து சென்றன. சஞ்சிக்கூலி முறையில் நம் முன்னோர் இந்நாட்டிற்கு வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த கொடுமை இது. குடை பிடித்தவன் எம்மொழி பேசியவன் என்று நாகசாகி ஓவியர் குறிக்கவில்லை. குறிக்க வேண்டும் என்று அவர்க்குத் தோன்றவும் இல்லை.

தமிழகத்தின் சுவடு வேறொரு வகையிலும் ஜப்பானை அடைந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தளம் அமைத்திருந்த டச்சுக்காரர், சோழமண்டலத்துப் பருத்தித் துணிகளை ஜப்பானுக்கு ஏற்றிச் சென்றனர். எடோ நகர மக்கள் விரும்பி அணிந்த கோடிட்ட துணிக்குச் 'சந்தொமே' என்று பெயர். மயிலாப்பூர்ப் பகுதியில் போர்த்துக்கீசியர் அமைத்த சாந்தோம் என்னும் குடியிருப்பின் பெயரே இவ்வாறு திரிந்து வழங்கியது. கடல் கடந்து ஊரின் பெயர் நிலைபெற்றது. நெய்தவனின் பெயர் நிலைபெறவில்லை.

யோகொகாமாவின் புதுமை

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி நான்கு கப்பல்களுடன் வந்து மூடிய கதவைத் தட்டினார். 1858இல் அமெரிக்கா, டச்சு நாடு, இரசியா, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளுடன் ஜப்பான் உடன்படிக்கை செய்துகொண்டது. 1859இல் எடோவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்த யோகொகாமா என்னும் மீனவச் சிற்றூர் அயல்நாட்டு வணிகத் துறைமுகமாகத் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் யோகொகாமாப் படங்கள் எனப்படும் அச்சோவியங்கள் பல நூறு வெளிவந்தன. 1860, 1861 ஆகிய ஈராண்டுகளே இவற்றின் பொற்காலம்.

உத்தகாவா மரபைச் சேர்ந்த சதஹிதே, யோஷிகாசு, யோஷிதோரா, இரண்டாம் ஹிரோஷிகே முதலியோர் இத்துறையில் புகழ்பெற்றனர். இவர்களுள் சதஹிதே கூர்ந்த பார்வையுடையவர். யோகொகாமாவில் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தொகுத்து 1862 முதல் படநூலாகவும் வெளியிட்டார். 1861இல் அவர் ஐந்து தாள்களை இணைத்து வரைந்த படமொன்றில், மேனாட்டுக் கப்பல்களில் சரக்கு ஏற்றும் காட்சி விரிகின்றது. கயிற்றில் ஏறும் மாலுமிகளும், பெட்டி சுமந்து பலகையில் நடப்போரும் அதில் உயிர்பெற்று இயங்குகின்றனர்.

ஏனையோர் பலர் மேனாட்டாரை அருகிருந்து அறியாதவர். இலண்டனிலிருந்து வந்த படச் செய்தித்தாள்களைப் பார்த்து அவர்கள் படியெடுத்தனர். ஆதலின் ஒரு நாட்டின் மாளிகை மற்றொரு நாட்டின் பெயரில் தோன்றும். ஒரே முகம் ஒரு படத்தில் ஆங்கிலேயராகவும் மற்றொரு படத்தில் இரசியராகவும் நிற்கும். யோகொகாமாவில் அன்று மேனாட்டு மகளிர் மிகச் சிலரே வாழ்ந்தனர். படங்களிலோ கூண்டு போன்ற அகன்ற பாவாடை அணிந்த மகளிர் கூட்டம் கூட்டமாக உலவுகின்றனர். படத்தின் மேற்பகுதியில் நாட்டின் பெயர் மட்டும் இருக்கும். 'அமெரிக்கர்', 'பிரெஞ்சுக்காரர்' என்பனவே குறிப்புகள். 'தமிழ்க் கூலி' என்று எழுதியவர்தம் இனத்தார், அதற்கு முன்பே இவ்வாறு தாமும் பெயரிழந்து நின்றனர் என்பது வரலாற்றின் விந்தையாகும்.

எனினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஜப்பானிய ஓவியர் தம்மினும் வலிமை மிக்கவரை நோக்கினர். அஞ்சலட்டைக்காரர் தம் ஆட்சிக்கு உட்பட்டவரை நோக்கினர். யோகொகாமாப் படங்கள் வெளிவந்த காலம் அமைதியான காலமும் அன்று. அயலாரை விரட்டுவோம் என்னும் முழக்கம் நாடெங்கும் எழுந்திருந்தது. 1862இல் யோகொகாமாவுக்கு அருகே நமமுகி என்னுமிடத்தில் ஆங்கிலேய வணிகர் ஒருவர் வாளால் வெட்டுண்டு இறந்தார். மறு ஆண்டில் ஆங்கிலக் கப்பற்படை ககோஷிமா நகரைச் சுட்டு எரித்தது. வாளும் பீரங்கியும் பேசிய அந்நாட்களில், இப்படங்களோ மேனாட்டார் குழந்தையைக் கொஞ்சுவதையும், அடுக்களையில் சமைப்பதையும், நாயுடன் நடப்பதையும் காட்டின. பேயெனச் சிலர் அஞ்சியவரைக் குடும்பத்தாராகக் காட்டிய பெருமையை இம்மலிவுப் படங்களுக்கு நாம் அளித்தே ஆகவேண்டும்.

மலாக்காவின் யானை

அயல்நாட்டு மாந்தரே அன்றி அயல்நாட்டு விலங்குகளும் ஓவியர்க்குப் பொருளாயின. இவ்வகையில் நம் மண்ணோடு தொடர்புடைய இரு யானைகளைக் குறிப்பிடல் தகும்.

சிங்கப்பூரை 1819இல் நிறுவிய ராபிள்ஸ், அதற்கு முன்னர்ச் சாவகத்தின் ஆட்சியாளராக இருந்தார். டச்சுக்காரரின் ஜப்பானிய வணிகத்தை ஆங்கிலேயர் வசமாக்கக் கருதி, 1813இல் நாகசாகிக்குக் கப்பல்களை அனுப்பியபோது யானை ஒன்றையும் பரிசாக ஏற்றி அனுப்பினார். சோகுன் அரசு அதனை ஏற்கவில்லை. யானை வந்த வழியே திரும்பிற்று. இராச தந்திரம் தோற்றது. ஆயின் நாகசாகி ஓவியர் யானையை வரைந்துகொண்டனர்.

அரை நூற்றாண்டிற்குப்பின் மற்றொரு யானை வந்தது. 1863இல் எடோவின் ரியோகொகுப் பகுதியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரண்டனர். உத்தகாவா யோஷிதோயோ வரைந்த படத்தின் தலைப்பு, அந்த யானை 'நடுத் தென்ஜிகு'வின் 'மருகா' நாட்டிற் பிறந்தது என்கின்றது. தென்ஜிகு என்பது இந்தியாவுக்கு ஜப்பானியர் வழங்கிய பழம்பெயர். புத்தர் பிறந்த திருநாடு என்னும் மதிப்பும் அதில் அடங்கும். மருகா என்பது மலாக்கா என்று கொள்வர். மலாக்கா இந்தியாவின் நடுவே இருப்பதாக எழுதப்பட்டதைக் கண்டு நாம் நகைக்கலாம். கடலுக்கு அப்பால் தெற்கிலும் மேற்கிலும் இருந்தன யாவும் அவர்க்குத் தென்ஜிகுவே. மலாய்த் தீபகற்பமும் தமிழகமும் ஒரே பெயருக்குள் அடங்கிய அந்தப் பிழை, ஒரு காலத்தில் இவ்விரு நிலங்களையும் ஒரே கடல்வழி இணைத்திருந்த உண்மையையும் நினைவூட்டுகின்றது. யானையைக் கண்டோர்க்கு எழுவகைத் துன்பம் நீங்கி எழுவகை நலம் சேரும் என்றும் அன்று விளம்பரம் செய்யப்பட்டது. யானையின் பிறந்த நாட்டைப் படத்தில் எழுதினர். கும்பினியின் குடைக்காரனுக்கு அச்சிறப்பும் கிட்டவில்லை.

பார்வை மாறிய கதை

1872இல் தோக்கியோவின் சிம்பாசிக்கும் யோகொகாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. அயலார் புதுமை குன்றினர். யோகொகாமாப் படங்களும் அருகின. புகைவண்டியும் செங்கற் கட்டடமும் மேனாட்டு உடையணிந்த ஜப்பானியருமே புதிய படப்பொருள்களாயினர்.

1894, 1895 ஆகிய ஆண்டுகளில் சீனாவுடன் போர் மூண்டபோது அச்சோவியம் மீண்டும் பெருவாழ்வு பெற்றது. கொபயாசி கியோசிகா போன்ற திறன்மிக்க ஓவியர்களும் போர்ப்படங்கள் வரைந்தனர். அவற்றுட் பல, போர்க்களம் காணாமலே தோக்கியோவில் வரையப்பட்டவை. அப்படங்களில் ஜப்பானிய வீரர் மேனாட்டுச் சீருடையில் நெடியவராய் நிமிர்ந்து நிற்பர். சீனரோ சடை பறக்க உருண்டு ஓடுவர். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குள் வியந்து நோக்கிய கண், இகழ்ந்து நோக்கும் கண்ணாயிற்று. முன்னர் மேனாட்டார் நின்ற இடத்தில் ஜப்பானியர் தம்மை நிறுத்திக்கொண்டனர். ஏனைய ஆசியரைப் படத்தின் ஓரத்திற்குத் தள்ளினர்.

அப்பார்வையின் விளைவை நம் மக்கள் உடலால் அறிந்தனர். 1942 சனவரி 11ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூரைக் கைப்பற்றியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் உட்பட மலாயாவெங்குமிருந்து பல்லாயிரம் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17இல் இணைந்தன. அதற்குள் காட்டிலேயே மாண்டோர் பல்லாயிரவர். போர்க் கைதிகளாய் இறந்த மேனாட்டு வீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. தமிழரோ பெரும்பாலும் தலைக்கணக்காகவே எஞ்சினர். ஓவியம் மட்டும் இதற்குக் காரணம் என்று கூறுவது பேதைமை. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் பழிப்பதும் முறையன்று. ஆயினும், மனிதனைப் பெயரின்றிக் காணப் பழகிய கண், அவனை எண்ணிக்கையாகக் காண்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

நம் பங்கு

இக்குறை அயலாரிடம் மட்டும் உள்ளதன்று. தமிழாசிரியர்கள் முல்லைப்பாட்டை நினைவுகூர்க. பாசறையில் மன்னனைக் காக்கும் யவனரை அப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. அவர்தம் சாட்டையும், இறுக உடுத்த உடையும், சட்டையும், அஞ்சத்தக்க தோற்றமும் புலவர் கண்ணிற் படுகின்றன. தமிழ் பேச இயலாமையால் சைகையால் உரையாடும் மிலேச்சரும் அங்கே தோன்றுகின்றனர். யோகொகாமா ஓவியர் கண்டதும் இவற்றையே: உடை, உருவம், விளங்காத மொழி. யவனருள் ஒருவர்க்கேனும் பாட்டில் பெயர் இல்லை. அயலாரை முதன்முதற் காணும் எக்கண்ணும் ஆடையை முதலில் காண்கின்றது. ஆளைக் காண்பதற்குக் காலம் வேண்டும்.

அக்காலத்தை விரைவுபடுத்துவதே கல்வியின் கடமை. வரலாற்றுப் பாடத்தில் ஒரு பழைய படத்தை மாணவர் முன் வைக்கும் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பலாம். இதனை ஆக்கியவர் யார்? யார் வாங்குவதற்காக ஆக்கினார்? இதில் பெயரில்லாமல் நிற்பவர் யார்? மூன்றாம் வினாவிற்குப் பல நேரங்களில் விடை கிடைக்காது. ஆயினும் வினவப் பழகிய மாணவர், தாம் வாழும் காலத்தில் எதிர்ப்படும் அயல்நாட்டுத் தொழிலாளரையும் வெறும் நாட்டுப் பெயரால் அழைத்துவிட்டு அப்பாற் செல்லமாட்டார்.

அம்மாணவர் தம் வீட்டிலேயே தொடங்கலாம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் தாமான்களிலும் பழைய பெட்டிகளுக்குள் நிழற்படங்கள் உறங்குகின்றன. தோட்டத்து லயத்தின் முன்னே நிற்கும் தாத்தா, இரயில்வே குடியிருப்பில் திருமணக் கோலத்தில் இருக்கும் பாட்டி, அவர்க்குப் பின்னால் குடை பிடித்தவாறு நிற்கும் உறவினர் ஒருவர் — இவர்களை அடையாளம் காட்டவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிந்து, படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் வேண்டும். நாகசாகியின் குடைக்காரன் பெயரை இனி எவராலும் மீட்க இயலாது. நம் வீட்டுப் படத்தில் குடை பிடித்து நிற்பவர்க்கு அந்நிலை வாராமற் காப்பது நம் கையில் உள்ளது.